பாதிப் பாட்டில் நின்றுபோகும் ஆம்ப்

என் மனைவி மஸ்கட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆன பிறகுதான் அந்த ஆம்பை வாங்கினேன். வாங்கச் சொன்னதே அவள்தான்.

அவள் நர்ஸ். ஆரணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். எனக்குச் செய்யாறு தொழிற்பேட்டையில், ஷூ செய்யும் கம்பெனி ஒன்றில், முடிந்த ஜோடிகளைக் கையில் எடுத்துத் தையல், பசை, நிறம் பார்த்து அனுப்பும் வேலை. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக வேலூரிலும் சென்னையிலும் போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் போனோம். கடைசி முயற்சியும் பலிக்காமல் திரும்பி வந்த நாளில், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்க்காமலே, "போதும் மாமா. இதுக்கு மேல என்னால ஊசி போட்டுக்க முடியாது," என்றாள். நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு ஊசி போடுகிறவள் சொன்னது அது. நான் சரி என்றேன். சில மாதம் கழித்து, மஸ்கட்டில் ஒரு மருத்துவமனைக்கு நர்ஸ் எடுக்கிறார்கள், எழுதிப் போடட்டுமா என்று கேட்டாள். அதற்கும் சரி என்றேன். நான் வேண்டாம் என்று சொல்லக் காத்திருந்தாளோ என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய், பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தாளே, அப்போதுதான் தோன்றியது.

தினமும் பேசினோம். ஆனால் பேச என்ன இருந்தது? "சாப்டியா?" "சாப்டேன். நீ?" "ஆச்சு." "டூட்டி எப்டி?" "போவுது." ஒரு நாள் அவளே அலுத்துப்போய், "மாமா, நீ காலேஜ்ல கிடார் வாசிச்சிகினு இருந்தேன்னு உன் ஃப்ரெண்டு நம்ம கல்யாணத்துல சொன்னானே. இத்தினி வருஷத்துல ஒரு வாட்டி கூட நான் கேட்டதில்லியே," என்றாள்.

வேலூரில் படிக்கும்போது ஒரு மெல்லிசைக் குழுவில் இரண்டு வருடம் வாசித்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் மேடையின் ஓரத்தில் நிற்பவன்தான். படிப்பு முடிந்ததும் கிடாரை விற்றுவிட்டேன்.

"அது எப்பவோ. விரலு மறந்துபோயிருக்கும்."

"மறந்தா ஞாபகப்படுத்து. சாயந்திரம் ஆனா டிவி முன்னாடி மொட்டு மொட்டுன்னு உக்காந்துகினு இருக்கியே, அதுக்கு இது மேல்."

கம்பெனியில் கூட வேலை செய்பவர் ஒருவரிடம் எலக்ட்ரிக் கிடார் ஒன்று உறையோடு பரண்மேல் கிடந்தது. அதை வாங்கிக்கொண்டேன். எலக்ட்ரிக் கிடாரை, சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் இல்லாமல் வாசித்தால், துணி காயப்போடும் கம்பியைச் சுண்டின மாதிரிதான் கேட்கும். போனில் விளம்பரம் பார்த்து, பழைய ஆம்ப் ஒன்றை வாங்க வேலூருக்குப் போனேன். இரண்டடி உயரத்தில் கறுப்புப் பெட்டி. விற்றவருக்கு முப்பது வயது இருக்கலாம். அவருடைய ஒற்றை அறை வீட்டில் ஏணை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் குழந்தை தூங்கியது. அதனால் பெட்டியை வெளியே படிக்கட்டுக்கு அடியில் கொண்டுவந்து, இரண்டு நிமிடம் மெதுவாக வாசித்துக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு ஆரணி பஸ் ஏறினேன்.

எங்கள் வீடு மாடியில். கீழே வீட்டுக்காரர் பட்டுப்புடவை வியாபாரி. பின்பக்கம் அவருடைய மச்சானின் விசைத்தறிக் கொட்டகை. வார நாட்களில் நான் என்ன வாசித்தாலும் அந்தத் தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஒரு மாதம் தினமும் வாசித்துப் பழகினேன். விரல் நுனி தோல் உரிந்து, காய்ந்து, திரும்பக் கெட்டியானது. அவளுக்குப் பிடித்த ஒரு பழைய மெலடிப் பாட்டை, கல்யாணமான புதிதில் சமைக்கும்போது வரி மாற்றி மாற்றிப் பாடுவாளே அதை, முழுதாக எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் வரச் சொன்னேன். போனைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் சரணம் வரை வந்தேன். லேசாகக் கரகர என்றது; சத்தம் மெலிந்தது; போய்விட்டது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. நான் அசையாமல் ஆம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமும் இல்லை, படத்தில் நானும் அசையவில்லை. அவள் நெட் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு அழைப்பைத் துண்டித்தாள். திரும்பக் கூப்பிட்டாள்.

"இன்னா ஆச்சு? நீ அப்டியே கல்லு மாதிரி நின்னுட்ட?"

"நெட் இல்ல. ஆம்ப் நின்னுபோச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மலையாளி நர்ஸ் எழுந்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேலூரிலிருந்து மடியில் தூக்கி வந்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆம்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். சத்தம் வந்தது. நாலு வரி வாசித்ததும் மறுபடி போனது.

"தட்டாத மாமா," என்றாள். சிரிப்பு நின்று, வார்டில் பேசுகிற குரல் வந்திருந்தது. "எப்ப நிக்குது? போட்ட உடனேவா, கொஞ்ச நேரம் கழிச்சா?"

"பத்து நிமிஷம் கழிச்சு."

"தனியா வாசிக்கும்போது நிக்கலியா?"

யோசித்தேன். "தப்பா வாசிக்கிறது வெளிய கேக்கக் கூடாதுன்னு வால்யூம் கம்மியா வெச்சி, தறிச் சத்தத்துல காதை ஒட்டி வெச்சிகினு வாசிப்பேன். அப்ப ஒண்ணு ரெண்டு வாட்டி கரகரன்னுச்சு. இன்னிக்குதான் உனக்குக் கேக்கணும்னு ஏத்தி வெச்சேன்."

"அப்ப வால்யூம் ஏத்தினா வருது இந்த வியாதி. எழுது. ஒரு நோட்டு எடுத்து எழுது. தேதி, எத்தினி நிமிஷத்துல நின்னுச்சு, நிக்கறதுக்கு முன்னாடி இன்னா கேட்டுச்சு, அப்பால எப்டி வந்துச்சு. ஒரு வாரத்துக்கு ஒண்ணு மட்டும் மாத்திப் பாக்கணும். ஒரே நேரத்துல ரெண்டு மருந்து மாத்தினா எது கேட்டுச்சுன்னு தெரியாது."

அலமாரியில் நோட்டுத் தேடும்போது பழைய நோட்டு ஒன்று கையில் பட்டது. பச்சை அட்டை. காலையில் எழுந்ததும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, தேதி போட்டு, அவள் வரிசையாக எழுதி வைத்திருந்த டெம்பரேச்சர்கள். பின்பாதி முழுக்க வெள்ளைத் தாள். அதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. அதைத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, கம்பெனியில் கொடுத்த டைரியை எடுத்தேன்.

முதல் வாரம் கேபிளை மாற்றினோம். நின்றது. இரண்டாம் வாரம் கிடாரையே கழற்றிவிட்டு, பழைய போனை ஆம்பில் செருகிப் பாட்டு ஓடவிட்டோம். அதுவும் பன்னிரண்டாவது நிமிடம் நின்றது. "அப்ப உன் கிடாரு மேல தப்பில்ல, உன் விரலு மேலயும் தப்பில்ல," என்று தீர்ப்புச் சொன்னாள். கரண்டில் ஏற்ற இறக்கமா என்று எனக்குச் சந்தேகம். "ஞாயித்துக்கிழம தறி ஓடாதே மாமா. அன்னிக்குதான் கரண்டு நல்லா இருக்கும்," என்றாள். இருந்தாலும் மூன்றாம் வாரம் ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றி ஆம்புக்குப் போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த பால்தான் திரிந்தது, திரும்ப மாட்ட மறந்துவிட்டேன்.

அந்த ஞாயிறுகளைப் பற்றி ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆம்ப் சீக்கிரம் சரியாகிவிடக் கூடாது என்று எனக்கு உள்ளூர ஓர் எண்ணம் இருந்தது. நாலு மணிக்கு அவள் வருவாள். டூட்டி முடித்துக் குளித்து, ஈரத் தலையோடு, கையில் டீக் கப்போடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இன்னாயா சொல்றான் பேஷன்ட்டு?" என்பாள். நான் டைரியைப் படிப்பேன். ஒரு மணி நேரம் போவதே தெரியாது. நடுநடுவே எங்களுக்கே தெரியாமல் மற்றப் பேச்சும் வந்துவிடும். அவள் வார்டில் இருந்த ஒரு பாட்டியம்மா, மொழி தெரியாவிட்டாலும் இவள் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குவார்களாம். அங்கே வெயிலில் ரோட்டைக் கடப்பதே பேஜாராம். கீரை நன்றாகவே இல்லையாம். இதெல்லாம் இந்த ஏழெட்டு மாதத்தில் நான் கேட்காதது. கேட்காதது என்றால், நான் கேள்வி கேட்காததால் அவள் சொல்லாதது.

திங்கட்கிழமை காலையில் செய்யாறு பஸ்ஸில் உட்கார்ந்து, அடுத்த ஞாயிறுக்கு எத்தனை நாள் என்று எண்ணுவேன். ஆறு என்று தெரிந்தும் எண்ணுவேன்.

நாலாம் வாரம் அவளே ஒன்று சொன்னாள். "ஹெட்போன் மாட்டுற ஓட்ட எதனா இருக்குதா அதுல?"

முன்பக்கம் இருந்தது.

"சத்தம் நின்னதும், தட்டாம, ஆஃப் பண்ணாம, ஜல்தியா ஹெட்போன மாட்டு. உள்ள சத்தம் இருக்குதா இல்லியான்னு பாரு. மூச்சு நின்னுபோச்சா, இல்ல வாயி மட்டும் மூடிகிச்சான்னு தெரியணும்."

கம்பெனி நண்பரிடம் பெரிய ஹெட்போன் வாங்கி வைத்திருந்தேன். வாசித்தேன். பதினோராவது நிமிடம் நின்றது. ஹெட்போனைச் செருகிக் காதில் மாட்டிக் கம்பியைத் தட்டினேன். காதுக்குள் மணி மணியாகக் கேட்டது. ஒரு கரகரப்பும் இல்லை.

"இருக்குது! உள்ள நல்லா இருக்குது!" என்று கத்தினேன்.

"மாமா, நீ ஹெட்போன் போட்டுகினு கத்துற. மெதுவா. இப்ப அத வெளிய எடு."

எடுத்தேன். ஸ்பீக்கரில் சத்தம் திரும்பி வந்திருந்தது. தட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. திரும்ப நின்றபோது திரும்பச் செருகி எடுத்தேன். திரும்ப வந்தது. மூன்று முறை பார்த்தோம்.

அவள் கப்பைக் கீழே வைத்தாள். "அந்த ஓட்டையிலதான் இருக்குது வியாதி," என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் விஷயத்தில் எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லாத ஒரு வாக்கியம் அது. இங்கேதான் இருக்கிறது என்று ஒருவர் கூட விரலை வைத்துச் சொன்னதில்லை. எல்லாம் நார்மல் என்றுதான் சொன்னார்கள். அவளும் அதையே நினைத்திருக்க வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் துரு நீக்கும் ஸ்ப்ரே வாங்கி அந்தத் துளைக்குள் அடித்துச் சுத்தம் செய்தேன். இரண்டு வாரம் தாங்கியது. மூன்றாவது ஞாயிறு மறுபடி நின்றது. திறந்துதான் பார்க்க வேண்டும் என்று ஆனது.

ஆரணியில் கிடார் ஆம்ப் ரிப்பேர் செய்பவர் யாரும் இல்லை. வீட்டுக்காரர்தான் முள்ளிப்பட்டில் ஒருவரைச் சொன்னார். இப்போது தறிகளில் புடவைக்கு டிசைன் போடுவது கம்ப்யூட்டர் பெட்டிதான். அதன் போர்டுகள் கெட்டுப்போனால் சரிசெய்பவர் அவர். ஆம்பை பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு போனேன். சின்ன அறை, சுவர் முழுக்கப் பச்சைப் போர்டுகள், ஒவ்வொன்றிலும் எந்தத் தறிக்காரருடையது என்று துண்டுச் சீட்டு.

"கிடாரா? கிடாரெல்லாம் நமக்குத் தெரியாதுங்க," என்றார். "ஆனா ஓட்ட ஓட்டதானே. கயட்டிப் பாப்போம்."

பின்பலகையைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, ஹெட்போன் துளையின் பின்பக்கத்தைக் காட்டினார். மெல்லிய தகடு ஒன்று வளைந்து நின்றது.

"பின்னு உள்ள போச்சுன்னா இந்தத் தகட்டத் தள்ளிடும். ஸ்பீக்கர் கட்டு. பின்ன எடுத்தா தகடு திரும்பி வந்து ஒட்டிக்கணும். இது ஒட்டியும் ஒட்டாம நின்னுகினு இருக்குது பாருங்க. சத்தம் ஜாஸ்தியானா பெட்டி அதிருது, தகடு விலகிடுது. யாரோ ஹெட்போன் போட்டிருக்காங்கன்னு இது நெனச்சிகினு வாய மூடிக்கிது." தகட்டை நகத்தால் தொட்டார். "புதுசு இல்லீங்க இந்தத் தேய்மானம். வருஷக்கணக்கா யாரோ ஹெட்போன் போட்டே வாசிச்சிருக்காங்க."

அந்த அளவுக்குப் பொருத்தமான ஜாக், அதாவது தகட்டோடு சேர்ந்த அந்தத் துளைப் பாகம், அவரிடம் இல்லை. சென்னையிலிருந்து வரவழைக்கிறேன், ஒரு வாரம் ஆகும் என்றார்.

வெளியே வந்து, பைக்கில் சாய்ந்தபடி வேலூர்க்காரருக்குப் போன் செய்தேன். சண்டை போட இல்லை. தெரிந்துகொள்ளத்தான். ஆனால் அவர் பயந்துவிட்டார்.

"சார், நெசமா எனக்குத் தெரியாதுங்க. என் வீட்டுல அது ஒரு நாளும் நின்னதில்ல."

"ஹெட்போன்லதான் வாசிப்பீங்களா?"

"ஆமாங்க. பெரியவ பொறந்ததுல இருந்தே. அப்பால சின்னவ. எப்பவும் யாரனா ஒருத்தி தூங்கிகினு இருப்பா. அஞ்சு வருஷம் இருக்கும். ஸ்பீக்கர்ல எப்டி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு சார். இருக்கறது ஒரே ரூமு, இன்னா பண்றது." கொஞ்சம் நிறுத்தி, "சரி பண்ற செலவ நான் குடுத்துடறேன்," என்றார்.

வேண்டாம் என்றேன். பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அவர் அவசரமாக வைத்துவிட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் கூடத்தில் நின்றேன். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வாசிக்கலாம் இந்த வீட்டில். கதவை அடித்துச் சாத்தலாம், பாத்திரத்தைக் கீழே போடலாம். எழுந்துகொள்ள யாருமில்லை. அந்த மனிதரின் ஒற்றை அறையும் தொங்கும் ஏணையும் கண்முன் நின்றன. அவர் ஆம்பை விற்றுவிட்டு என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பார். நான் அன்றைக்கு அவரை நினைத்துப் பொறாமைப்பட்டேன். மனைவியிடம் அந்தப் போன் பேச்சைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, சொன்னேன்.

கேட்டுவிட்டு, "பாவம் மாமா, அவரு," என்றாள். பிறகு, "பொண்ணுங்க ரெண்டும் நல்லா தூங்கியிருக்குதுங்க," என்றாள். அவ்வளவுதான்.

புது ஜாக் போட்டு ஆம்ப் திரும்பி வந்தது. அடுத்த ஞாயிறு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, நிற்காமல் வாசித்தேன். இரண்டு இடத்தில் தப்பு. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தபடி மூக்கை உறிஞ்சினாள்.

"நல்லா இல்லியா?"

"நல்லா இருக்குது." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "இந்த ஒரு வருஷ கான்ட்ராக்ட் முடியப் போவுது மாமா. இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் போடறியான்னு கேக்கறாங்க. மூணு வாரமா சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். ஒவ்வொரு வாட்டியும் இந்த ஆம்ப் பேச்சே வந்துடுது. நானும் சரி, அப்பால சொல்லிக்கலாம்னு..."

வழக்கம்போல் சரி என்று சொல்ல வாய் எடுத்தேன். உன் விருப்பம் என்று சொன்னால் அது அவளுக்கு மரியாதை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"போடாத," என்றேன்.

"இன்னா?"

"கையெழுத்துப் போடாத. வந்துடு. எனக்கு நீ இங்க இருக்கணும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் அங்க இருந்தப்ப இத நீ சொல்லல மாமா."

"சொல்லல."

"பஸ்ஸுல அன்னிக்குப் போதும்னு சொன்னேனே. அப்பவும் நீ சரின்ன. உனக்கும் போதும்னு ஆயிடுச்சோன்னு நெனச்சிட்டேன். என்னியும் சேத்து."

தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. அவள் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அவள் உடனே கிளம்பி வந்துவிடவில்லை. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த வார்டில் அவளை மதித்தார்கள். இங்கே தெருவில் போனால் வருகிற கேள்விகள் அங்கே இல்லை. அதையும் ஒளிக்காமல் சொன்னாள். இரண்டு வருடத்துக்குப் பதில் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். நடுவில் முப்பது நாள் லீவு.

வைகாசியில் வந்தாள். இளைத்திருந்தாள், பேச்சில் நாலைந்து மலையாள வார்த்தை சேர்ந்திருந்தது. வந்த இரண்டாம் நாள், "வாசி, கேக்கறேன்," என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். போனில் வராத வெட்கம் எனக்கு அப்போது வந்தது. ஒரே அறையில், நாலடித் தூரத்தில், அவள் கால் விரல்கள் தாளம் போடுவதைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது கஷ்டமாக இருந்தது. தாளம் தப்பியது. அவள் கவனிக்காதது போல் இருந்தாள். பாதியில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் நிறுத்தவில்லை. உள்ளேயிருந்து அவள் பாத்திரங்களை எடுத்து வைக்கும் சத்தமும், கூடவே வரி மாறிய அவளுடைய பாட்டும் கேட்டன.

முப்பது நாள் போய்விட்டது. இந்த முறை ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கையால் ஏதோ ஜாடை காட்டினாள். எனக்குப் புரியவில்லை. சாப்பிடு என்றாளா, போன் செய் என்றாளா, தெரியாது. எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. சமையலறைக் கொக்கியில் அவள் மாட்டிவிட்டுப் போன கைத்துண்டை நான் இன்னும் துவைக்கப் போடவில்லை.